மிஷின் இல்லாத தையல் வகுப்பு

எங்கள் தையல் வகுப்பு ஒன்றரை வருடம் நடந்தது. அதில் ஒரு தையல் மிஷின்கூட இருந்ததில்லை. கத்தரிக்கோல் மட்டும் ஒன்று இருந்தது. அங்கன்வாடிக் குழந்தைகள் காகிதம் வெட்டுவதற்கென்று வந்த, முனை மழுங்கிய கத்தரிக்கோல். அதை வைத்து வெண்டைக்காய்கூட நறுக்க முடியாது.

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம்; ஆலத்தூர் நாட்டில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அங்கே நான் அங்கன்வாடிப் பணியாளர். கர்ப்பிணிகளுக்கு எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, கீரை சாப்பிடு, முட்டை சாப்பிடு, மாத்திரையைத் தூக்கிப் போடாதே என்று சொல்வது என் வேலை. என் மகள் வயிற்றில் இருந்தபோது நான் இந்த வேலைக்கு வந்திருக்கவில்லை. அப்போது எனக்கு அறிவுரை சொன்னவர்களும் கீரையோடு நிறுத்திக்கொண்டார்கள். பகல் முழுக்க மரவள்ளிக்கிழங்கு பிடுங்கிவிட்டு வந்தால் இடுப்பு விட்டுப்போகும். மார்கழிக் குளிர் வேறு. சாயங்காலம் எல்லாருக்கும் ஊற்றும்போது எனக்கும் ஒரு டம்ளர் சாராயம் ஊற்றினார்கள். நல்லா தூக்கம் வரும், புள்ளையும் திடமாப் பொறக்கும் என்று சொன்னவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். நானும் நம்பிக் குடித்தேன். தூக்கம் நன்றாகத்தான் வந்தது.

மகள் சின்னதாகப் பிறந்தாள். நடப்பதும் பேசுவதும் தாமதம். பேச ஆரம்பித்த பிறகு நிறுத்தவில்லை. எதிரே வருகிற எவரையும் கட்டிக்கொள்வாள். மணி பார்க்கத் தெரியாது. நேற்று, நாளை இரண்டும் அவளுக்கு ஒன்றுதான். ‘குளிச்சிட்டு, தலை சீவிட்டு, ஜன்னலச் சாத்திட்டு வா’ என்றால் ஜன்னலை மட்டும் சாத்திவிட்டு வந்து நிற்பாள். ‘காதுல வாங்கறதே இல்ல, திமிரு’ என்று நான் பல வருடம் அவளைத் திட்டியிருக்கிறேன். இரண்டு முறை அடித்தும் இருக்கிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை எனக்குச் சாதகமாகப் போய்விடும்.

அவளுக்குப் பதினான்கு வயதானபோது, பள்ளிக்கு வியாழக்கிழமை தோறும் வருகிற சிறப்பாசிரியை எங்களைச் சேலத்தில் ஒரு பெரிய டாக்டரம்மாவிடம் அனுப்பிவைத்தார். அந்த டாக்டர் மகளின் முகத்தை அளந்தார், படம் காட்டினார், கணக்குக் கேட்டார். கடைசியில் என்னைப் பார்த்து, “கர்ப்பமா இருந்தப்போ ஏதாவது குடிச்சீங்களாம்மா?” என்றார்.

என் கணவர் முந்திக்கொண்டார். “அவ குடிக்கவே மாட்டாங்க. நாந்தானுங்க குடிப்பேன்.”

“நீங்க கர்ப்பமா இருந்தீங்களா?” என்று கேட்டார் டாக்டர்.

நான் உண்மையைச் சொன்னேன். தாய் குடிப்பது குழந்தைக்கும் போகிறது, மூளை உருவாகும்போதே அதைப் பாதிக்கிறது, இது வாழ்நாள் முழுக்க இருக்கும் என்று அவர் நிதானமாக விளக்கினார். மலைக்காரர்களுக்கு மட்டும்தான் இது என்று நினைக்க வேண்டாம், நகரத்திலும் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கிறேன், அங்கே அம்மாக்கள் வாயே திறப்பதில்லை என்றும் சொன்னார். “தெரியாம நடந்தது. அழுறதுன்னா அழுதுக்கோங்க. ஆனா இவளத் தனியா வளர்க்க முடியாது. ஊர்ல நாலு பேரைக் கூடச் சேர்த்துக்கோங்க. இவகிட்டயும் உண்மையச் சொல்லிடுங்க.”

மகளிடம் சொன்னோம். தன் ரத்த வகையைத் தெரிந்துகொள்வதுபோல அவள் அதைக் கேட்டுக்கொண்டாள்.

டாக்டர் சீட்டில் மகளின் குறைபாட்டுக்கு ஆங்கிலத்தில் எஃப்.ஏ.எஸ்.டி. என்று சுருக்கமாக எழுதியிருந்தது. கணவர் அதை டீக்கடையில் யாரிடமோ காட்டியிருக்கிறார். மறுநாள் கிணற்றடியில் ஒருத்தி என்னிடம், “உன்ற பொண்ணு எஃப்.ஏ.எஸ்.டி. படிக்குதாமே அம்மிணி? பி.எஸ்.சி.ய விடப் பெருசாங்க அது?” என்று கேட்டாள். “ஆமாங்க, நெம்ப வருசம் படிக்கணும்” என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பொய் அங்கேதான் ஆரம்பித்தது.

நாலு பேரைச் சேர்க்கச் சொன்னாரே டாக்டர், அந்த நாலு பேரைச் சிறப்பாசிரியைதான் கண்டுபிடித்தார். அவருக்கு ஊர் கன்னியாகுமரிப் பக்கம். வாந்தி வராமலிருக்க எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறி வருவார். நாங்கள் அவரை டீச்சர் என்போம். தேவனூர் நாட்டில் ஒரு பெண் தன் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள், அவனுக்கு இருபத்தைந்து வயது, அவனுக்கும் இதேதான் என்றார் டீச்சர். பிறகு பஞ்சாயத்து அலுவலகக் கிளார்க்கின் மனைவி. நாமக்கல் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர்கள். அவர்களுடைய ஒன்பது வயது மகளையும் டீச்சர் சேலத்துக்கு அனுப்பியிருந்தார்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு, பிள்ளைகள் போன பிறகு, என் அங்கன்வாடியில் கூடலாம் என்று முடிவானது. ஆனால் எதற்குக் கூடுகிறோம் என்று ஊருக்கு என்ன சொல்வது? ‘வயிற்றில் பிள்ளையோடு குடித்த அம்மாக்கள் கூட்டம்’ என்று சொல்லிவிட்டு ஊருக்குள் நடமாட முடியுமா? தேவனூர்க்காரி, “தையல் கிளாஸுன்னு சொல்லிப்போடுங்க. பொம்பளைங்க கூடுனா ஒண்ணு சீட்டும்பாங்க, இல்லாட்டித் தையலும்பாங்க” என்றாள். டீச்சருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஆள் வந்தால் போதும் என்று விட்டுவிட்டார்.

கிளார்க்கின் மனைவி முதல் வாரமே ஊசி, நூல், டேப், சுண்ணாம்புக்கட்டி எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். தன் வீட்டில் யாரும் குடிக்கிற வழக்கமே இல்லை, தான் தையல் கற்றுக்கொள்ளத்தான் வந்திருப்பதாகச் சொன்னாள். நாங்கள் மகளையும் தம்பியையும் பற்றிப் பேசுவோம். அவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். முடியும்போது, “அப்ப அடுத்த வாரமாவது காஜா சொல்லித் தருவீங்களா?” என்பாள். ஒவ்வொரு வாரமும் கேட்டாள். முதலில் கேலி என்று நினைத்தோம். பிறகு மறதி என்று நினைத்தோம்.

அந்தக் கூட்டத்தில் நான் கற்றுக்கொண்டதை இத்தனை வருடப் பயிற்சி முகாம்களில் கற்றதில்லை. ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் சொல்ல வேண்டும். ‘செய்யாதே’ என்று சொல்லக் கூடாது, என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும். இதெல்லாம் டீச்சர் சொன்னது. தேவனூர்க்காரியோ சொந்தமாக வழி கண்டுபிடிப்பாள். கடைக்கு அனுப்பினால் தம்பி எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிடுகிறான் என்று அவன் உள்ளங்கையில் பேனாவால் படம் போட்டு அனுப்பினாள். தீப்பெட்டி வரைந்து அனுப்பினால் சோப்பு வாங்கி வந்தான். அவள் திட்டிக்கொண்டே அவன் கையை எங்களிடம் காட்டினாள். பார்த்தோம். அது சோப்புதான்.

என் மகளின் சிக்கல் பஸ். பஸ் வந்து நின்றால் ஏறிவிடுவாள். எந்த பஸ் என்பதெல்லாம் இல்லை. அப்படி ஒருமுறை அடிவாரம் வரைக்கும் போய்விட்டாள். கண்டக்டர்களிடம் சொல்லிவைக்க எனக்குக் கூச்சம். தேவனூர்க்காரி என்னைக் கேட்காமலே போய் ஒவ்வொரு கண்டக்டரிடமும் சொல்லிவிட்டு வந்தாள். அதன் பிறகு, “பாப்பா, இது உன்ற பஸ் இல்ல சாமி, இறங்கிக்கோ” என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மேலூட்டு அக்கா ஜாக்கெட் துணியோடு வந்து நின்றார்.

எங்கள் வீட்டுக்கு மேலே, சரிவில் இருப்பது அவர் வீடு. அவர் வாய்க்கு ஊரே பயப்படும். யார் வீட்டில் என்ன குழம்பு என்பதை வாசனையை வைத்துச் சொல்லிவிடுவார். இந்தக் கூட்டத்தின் உண்மை யாருக்குத் தெரிந்தாலும் இவருக்கு மட்டும் தெரியக் கூடாது என்று நான் தினம் வேண்டிக்கொள்வேன். அவர் வந்து, “என்ற மகளுக்கு நிச்சயம் வெச்சிருக்குது. நீங்கதான் கிளாஸு நடத்தறீங்களே, தெச்சுக் குடுங்க” என்று துணியையும் அளவு ஜாக்கெட்டையும் என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

டீச்சர்தான் காப்பாற்றினார். துணியைக் கீழே கொண்டுபோய்த் தன் டெய்லரிடம் தைத்து, அடுத்த வியாழன் கொண்டுவந்தார். அதுதான் நாங்கள் செய்த பெரிய தப்பு. அந்த டெய்லர் நன்றாகத் தைத்துவிட்டான். இரண்டு இடத்தில் இழுத்துப் பிடிக்கிற மாதிரி தைத்திருந்தால் எங்கள் கதை அத்தோடு முடிந்திருக்கும். நிச்சயத்துக்கு வந்த பெண்கள் எல்லாரும் ஜாக்கெட்டின் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். பொங்கலுக்குள் டீச்சரின் பையில் பதினொரு ஜாக்கெட் சேர்ந்துவிட்டது.

“நான் படிச்சது சிறப்புக் கல்வி. என்னைய பார்சல் சர்வீஸ் ஆக்கிட்டீங்க” என்றார் டீச்சர்.

தைத்து வந்ததை வீடுவீடாகக் கொடுத்துவரும் வேலையை மகளிடம் கொடுத்தோம். யார் அவளைப் பார்த்துச் சிரித்தார்களோ அவர்களிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். அவளைப் பார்த்து எல்லாரும் சிரிப்பார்கள். ஒரு வாரம் ஊரில் பாதிப் பெண்கள் மூச்சு விட முடியாமல் திரிந்தார்கள். மீதிப் பேருக்குத் தோளில் நிற்கவில்லை.

இதற்குமேல் கிளார்க் செய்த காரியம். தன் மனைவி ஒரு வாரம்கூட விடாமல் தையல் வகுப்புக்குப் போவதில் அவருக்கு அவ்வளவு பெருமை. அலுவலகத்தில் உட்கார்ந்து, இந்த வகுப்பைப் பாராட்டி, இவர்களுக்குத் தையல் மிஷின் வழங்க வேண்டும் என்று கீழே மேலதிகாரிக்கு அழகான கையெழுத்தில் மனு எழுதி அனுப்பிவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை. ஆச்சரியப்படுத்த வேண்டுமாம். அடுத்த மாதம், ஓர் அதிகாரியம்மா நேரில் ஆய்வுக்கு வருகிறார் என்று கடிதம் வந்தது. ஆச்சரியப்பட்டோம்.

“எல்லாத்தயும் சொல்லிரலாம்” என்றார் டீச்சர்.

“ஒரே ஒரு நாளைக்குச் சமாளிச்சுப்போடலாமுங்க” என்றாள் தேவனூர்க்காரி. நானும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டேன். கிளார்க்கின் மனைவி பிஸ்கட் டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஆய்வு நாள் காலையில் என் கணவர் சோளக்காடு என்கிற ஊரில் ஒரு டெய்லரிடம் கெஞ்சி இரண்டு மிஷின்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒன்றில் ஊசி இல்லை. இன்னொன்றில் நூல் கோக்க எங்களில் யாருக்கும் தெரியவில்லை. கிளார்க்கின் மனைவிக்குத் தெரிந்திருக்கும் என்று டப்பாவையும் அவளையும் பார்த்தோம். அவள் கூரையைப் பார்த்தாள். கடைசியில் கணவர் நூலை எங்கெங்கோ சுற்றி, வெளியிலிருந்து பார்த்தால் தைக்கிற மாதிரித் தெரியும்படி செய்துவிட்டார்.

மகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது என் பொறுப்பு.

“கண்ணு, யாராச்சும் கேட்டா தையல் கிளாஸுன்னு சொல்லு.”

“பொய்யாம்மா?”

“இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான்.”

“நாளைக்கு நெசமா?”

டீச்சர் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும். “வாரவங்களுக்குத் தண்ணி குடு. அதான் உன்ற வேல” என்றேன்.

அதிகாரியம்மா வந்தபோது மணி பன்னிரண்டு. எழுபது வளைவும் அவர் முகத்தில் தெரிந்தது. ஜீப்பிலிருந்து இறங்கி வேலியோரம் கொஞ்ச நேரம் குனிந்து நின்றார். மலைக்கு வருகிற எந்த அதிகாரியும் முதலில் அந்த வேலியைத்தான் ஆய்வு செய்வார்கள். மகள் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு, உள்ளே கூட்டிவந்து, தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். இன்னொரு டம்ளர் கொடுத்தாள். குடித்தார். மூன்றாவதும் கொடுத்தாள்.

அதற்குள் ஊர்ப் பெண்கள் ஜன்னலில் வந்து நின்றுவிட்டார்கள். முன்வரிசையில் மேலூட்டு அக்கா. தேவனூர்க்காரி ஊசி இல்லாத மிஷினில் உட்கார்ந்து படபடவென்று மிதித்துக்கொண்டிருந்தாள். துணி அப்படியே இருந்தது. சத்தம் மட்டும் நன்றாக வந்தது.

ஐந்தாவது டம்ளரை வாங்கிக்கொண்டு அதிகாரியம்மா மகளிடம், “நீயும் தைக்கக் கத்துக்கறியா கண்ணு?” என்று அன்பாகக் கேட்டார்.

“இல்லீங்க” என்றாள் மகள். “இங்க யாரும் தெக்கறதில்லீங்க. இந்த மிஷின் சோளக்காட்டு டெய்லரோடதுங்க. சாயங்காலம் குடுத்துரணுமுங்க. நான் வயித்துல இருக்கறப்ப எங்கம்மா சாராயம் குடிச்சாங்க. தெரியாமத்தானுங்க குடிச்சாங்க. அதனால எனக்குச் சொன்னது மெதுவாத்தான் ஏறும். இந்தக்காவோட தம்பிக்கும் அப்படித்தான். அதப் பத்திப் பேசறதுக்குத்தான் வியாழக்கெழம கூடறோம். தண்ணி வேணுங்களா?”

தேவனூர்க்காரியின் கால் நின்றது. எனக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது. சிமெண்டுத் தரையில் குழந்தைகள் சாக்பீஸால் வரைந்த ஒரு கோழி இருந்தது. அதற்கு எத்தனை கால் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போது கிளார்க்கின் மனைவி எழுந்தாள். பிஸ்கட் டப்பாவைப் பெஞ்சின்மேல் வைத்தாள். “நானும் தையலுக்கு வரலீங்க” என்றாள். “எங்க ஊட்டுல கதவச் சாத்திட்டு ஒயின் குடிப்போம். ஒடம்புக்கு நல்லதுன்னு படிச்சாரு அவரு. எம் புள்ளைக்கும் இதேதானுங்க.”

கிளார்க் வாசலில் மாலையோடு நின்றிருந்தார். அதிகாரிக்குப் போடக் கொண்டுவந்த மாலை. அவர் உள்ளே வந்து, என்ன செய்வது என்று தெரியாமல், மனைவி பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

ஜன்னலில் மேலூட்டு அக்கா மூச்சை இழுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“அப்ப என்ற மக ஜாக்கெட்ட யாருதான் தெச்சது?” என்றார்.

“என் டெய்லர்” என்றார் டீச்சர்.

“நல்லா தெச்சிருக்கான். அட்ரஸ் குடு.”

முதலில் சிரித்தது யார் என்று எனக்குத் தெரியாது. அதிகாரியம்மா என்றுதான் தேவனூர்க்காரி இன்றும் சொல்கிறாள். ஜன்னல் முழுக்கச் சிரித்தது. நான் சிரித்தேனா அழுதேனா என்று கேட்டால் இரண்டும்தான். அதிகாரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நான் மிஷின் பார்க்க வந்தேன். ரெண்டு மிஷின் பார்த்தேன்” என்று எழுதிக்கொண்டார். பிறகு நோட்டை மூடிவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து எங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மலை இறங்கக் கிளம்பும்போது டீச்சர் தன் எலுமிச்சம்பழத்தை அவருக்குக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் மிஷின்களை ஏற்றி அனுப்பிய பிறகு மகளிடம் கேட்டேன். அதுவரை கேட்டதில்லை. “கண்ணு, அம்மா மேல கோவமா?”

“ஆமா.”

“எதுக்கு சாமி?”

“எல்லாருக்கும் சோறு போட்ட. எனக்கு மத்தியானம் போடவே இல்ல.”

தட்டு வைத்துச் சாமைச் சோறும் பருப்பும் போட்டேன். அவள் கோபம் இரண்டாவது கவளத்தில் தீர்ந்துவிட்டது. என்னுடையது இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

ஐந்து மாதம் கழித்து எங்களுக்கு ஒரு தையல் மிஷின் வந்தது. இது தையல் வகுப்பு இல்லை என்று நாங்கள் இரண்டு கடிதம் எழுதியும் மிஷினுக்கான கோப்பு நகர்வதை யாராலும் நிறுத்த முடியவில்லை. வேறு வழியில்லாமல் கிளார்க்கின் மனைவி நிஜமாகவே தைக்கக் கற்றுக்கொண்டாள். அவள் தைக்கிற ஜாக்கெட்டை யாரும் போடுவதில்லை. தலையணை உறை பரவாயில்லை.

கூட்டம் இப்போதும் வியாழக்கிழமைதான். பெயரை மாற்றவில்லை, எடுத்துவிட்டோம். ‘வியாழக்கிழமை’ என்றாலே போதும். இப்போது ஒன்பது வீட்டிலிருந்து வருகிறார்கள். மகளுக்குப் பத்தொன்பது வயது. பெண்கள் குழு நடத்துகிற சிறுதானியக் கொட்டகையில் சாமைப் பைகளுக்கு லேபிள் ஒட்டுகிறாள். ஒட்டுவது மட்டும்தான் அவள் வேலை. அதோடு வேறொன்றைச் சொல்லக் கூடாது என்று கொட்டகைச் சுவரிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். சத்தம் அதிகமானால் வெளியே பலாமரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

மேலூட்டு அக்காவுக்கு வீட்டில் இப்படி யாரும் இல்லை. ஆனாலும் ஒரு வாரம் விடாமல் வருகிறார். நான் அங்கன்வாடியில் எடை பார்க்கும்போது கர்ப்பிணிகளிடம் ‘ஒரு சொட்டுக்கூட வேண்டாம்’ என்று தணிந்த குரலில் சொல்கிறேன். அவருக்கு அந்தக் குரல் போதவில்லை. போன மாதம் ஒரு காதுகுத்து விருந்தில், ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி கையில் டம்ளரோடு நின்றிருந்ததைப் பார்த்துவிட்டு, பந்தி நடுவிலேயே எச்சில் கையோடு எழுந்து போனார். டம்ளரைப் பிடுங்கி மோந்து பார்த்தார்.

“மோருங்க அக்கா” என்றாள் அந்தப் பெண், மிரண்டுபோய்.

“மூக்கு அடச்சிருக்குது, தெரியல” என்று சொல்லி அக்கா ஒரு வாய் குடித்துப் பார்த்தார். பிறகு இன்னொரு வாய். டம்ளர் காலியானதும் அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

“மோருதான். போய் இன்னொண்ணு வாங்கிக்கோ சாமி. உப்பு கொஞ்சம் கம்மி.”